பதிவேட்டில் இல்லாத அக்கா

மஸ்கட்டில் இருக்கும் தம்பிக்குத் திடீரென்று பரம்பரைப் பித்துப் பிடித்தது. தாத்தாவுக்குத் தாத்தா வரைக்கும் பிறந்த நாள் வேண்டுமாம். ஊருக்கு எப்போதாவது எட்டிப் பார்க்கிறவன் வாட்ஸ்அப்பில் கட்டளை போட்டான். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா சும்மாதானே இருக்கிறாள் என்ற நினைப்பு. எங்கள் லுத்தரன் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் கோயில் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. சர்க்கார் சான்றிதழ் இல்லாத காலத்து ஆட்களுக்கு அதுதான் சாட்சி.

நான் செருப்பை மாட்டும்போது அம்மா கூப்பிட்டாள்.

"மக்ளே, ஒனக்கு முந்தின வருஷத்தையும் ஒண்ணு பாத்துக்கோ."

எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து மூன்றாம் நாள் இறந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும். மீதியை, எண்பத்து மூன்று வயதில், அன்றுதான் சொன்னாள். குழந்தை நீலம் பாய்ந்தபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. போதகர் வரும்வரை தாங்காது. உயிருக்கு ஆபத்தென்றால் விசுவாசி யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், பிறகு போதகரிடம் சொல்லிப் பதிய வேண்டும் என்று சபையில் முழு உறுப்பினராவதற்கு முன் நடத்தும் திடப்படுத்தல் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்திருக்கிறது. டம்ளர் தண்ணீரை மூன்று தடவை நெற்றியில் ஊற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் பெயரும் வைத்தாள். அப்பா வந்ததும் போதகரிடம் அனுப்பினாள். சொல்லியாச்சு என்று திரும்பி வந்தாராம்.

"ஆனா அடக்கத்துக்கு மணி அடிக்கல்ல மக்ளே. நான் படுக்கையில காது குடுத்துக்கிட்டே கெடந்தேன்."

ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்கு அந்தக் காலத்தில் கோயில் மணி அடிக்க மாட்டார்கள். ஐம்பத்தொன்பது வருஷமாக அம்மா மனசுக்குள் வைத்திருந்த கேள்வி அது.

முன்னோர்கள் சிரமமில்லாமல் கிடைத்தார்கள். மதம் மாறிய பூட்டனுக்குப் பழைய பெயரும் புதுப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தது. தாத்தா, அப்பா, நான், தம்பி, எல்லாரும் இருந்தோம். எனக்கு முந்தின வருஷத்தை இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தேன். அவள் இல்லை. இப்போதைய போதகர், சின்ன வயசுக்காரர், ஒன்றும் கேட்காமல் அடக்கப் பதிவேட்டை எடுத்துத் தந்தார். அதில் அப்பா பெயருக்குக் கீழே: 'பெண் குழந்தை. மூன்று நாள். ஞானஸ்நானம் பெறவில்லை.' ஓரத்தில் அப்பாவின் கையெழுத்து. என் மதிப்பெண் அட்டைகளில் போட்ட அதே கையெழுத்து.

மனைவி கொடுத்த ஞானஸ்நானத்தைச் சொல்ல வெட்கமா, போதகரிடம் பயமா, யாரிடம் போய்க் கேட்பது? அப்பா செத்தபோது மணி அடித்தோம். கல்லறைக்கு மயிலாடியில் கல் வெட்டிப் பெயர் பொறித்து வைத்தோம். அந்தக் கல்லைப் பார்க்கப் பிடிக்காமல் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அம்மா சாட்சி சொன்னா இப்பவும் எழுதலாம்க்கா. பேரும் தேதியும் போதும்" என்று போதகர் வாசல்வரை வந்து சொன்னார்.

உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் பஸ்ஸில் நினைத்திருந்தேன். அம்மா உள்ளி உரித்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இருந்துதா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் என் துணிச்சல் போய்விட்டது. "இருந்துதும்மா."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

"பேரை ஒழுங்கா எழுதியிருக்கா? என்ன பேரு போட்டிருக்கு?"

அந்தப் பெயரை அம்மா என்னிடம் சொன்னதே இல்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்து உட்பட. "நீ சொன்னா இப்பவும் எழுதுவாங்கம்மா. பேரைச் சொல்லு" என்று கெஞ்சினேன். அம்மா அழவில்லை. உள்ளித் தட்டை மறுபடி மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒங்க அப்பாவும் இப்படித்தான், எனக்க மூஞ்சியப் பாத்து, சொல்லியாச்சுன்னாரு."

மூன்று மாதமாகிறது. தினமும் கேட்கிறேன். பெயரை இன்னும் சொல்லவில்லை. தம்பிக்கு அனுப்பிய தாளில் எனக்கு மேலே ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.