காறையெலும்பை முறித்த குதிரை

அந்தக் குதிரையைப் பார்ப்பதற்கு முன்பே அது செய்ததை எக்ஸ்-ரேயில் பார்த்துவிட்டேன். மந்தைவெளியில் என் பிசியோதெரபி அறைக்கு வந்த பெண்ணுக்குக் கழுத்தடியில் காறையெலும்பு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. எப்படி என்று கேட்டேன்.

"வீட்டுக்காரரு கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வுடுறாரு. புதுசா ஒண்ணு வாங்கியாந்தாரு, ரேஸ்ல ஓடினது. தண்ணி வைக்கப் போனேன், ஒதைச்சிருச்சு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கோவத்துல ஒதைக்கல டாக்டரம்மா. பயத்துல ஒதைச்சுது. அதான் எனக்கு இன்னும் பயமா கீது."

கல்லூரி நாட்களில் குதிரையேற்றம் கற்றவள் நான். அந்தக் குதிரையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கத்துக்குப் போனேன். அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட லாயம். உள்ளே கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டைக்குதிரை சுவரோடு ஒட்டி நின்றது. கூரைமேல் காக்கை உட்கார்ந்தால்கூட அதன் தோல் துடித்தது. தெரு நாய்கள் அந்தப் பக்கமே வரவில்லை.

"கல்யாண சீசனுக்குள்ள சரியாவலன்னா வித்துடுவேன் மேடம்" என்றார் அவள் கணவர். "வாங்குறவன் எதுக்கு வாங்குறான்னு மட்டும் கேக்காதீங்க."

நான் அதன்மேல் ஏற நினைக்கவில்லை. தரையில் நின்று, அதன் பக்கத்தில் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முதல் சில வாரங்கள் வாசலில் அதற்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டு வந்துவிடுவேன். பிறகு கயிறு. மெல்ல இழுக்க வேண்டும்; அது ஓர் அடி எடுத்து வைத்த நொடியே தளர்த்திவிட வேண்டும். சொன்னதைச் செய்தால் விட்டுவிடுவாள் என்று அதற்குத் தெரிய வேண்டும். அப்புறம் பிளாஸ்டிக் சாக்கு. தொலைவில் ஆட்டி, அது மூச்சை விடும்வரை காத்திருந்து, கீழே போட்டுவிடுவேன். ஐப்பசி பிறப்பதற்குள் என் தோளருகே தலையைத் தாழ்த்தி நின்றது.

சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் நான் உள்ளே இருக்கும்போது கணவர் வந்தால், குதிரை நகர்ந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்க ஆரம்பித்தது. காதுகள் பிடரியோடு படிந்துவிடும். ஒரு நாள் அவர் சட்டைக் கையைப் பல்லால் கவ்விக் கிழித்தது.

"உங்கள நம்புது" என்றார், கிழிசலைப் பார்த்துக்கொண்டே. "அத்தோட மத்த எல்லாரையும் வெறுக்குது."

மழைக்காலத்தில் ஒரு மதியம், ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடையாறு பகுதியில் ஒரு முதியவருக்கு அவர் வீட்டில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே விடாத மழை. போன் அடித்தது. அந்தப் பெண்தான்.

"ஆத்துத் தண்ணி லாயத்துக்குள்ள வந்துக்கினு கீது. அவரு இன்னொரு குதிரையோட தி.நகர்ல மாட்டிக்கினாரு. கதவைத் தொறந்தா இது மூலைக்குப் போய் நடுங்குது. நான் இன்னா செய்ய?"

ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். போனைக் காதில் வைத்தபடியே தெருவில் இறங்கி நடந்தேன்.

"நேருக்கு நேரா நிக்காதீங்கம்மா. கழுத்துப் பக்கத்துல நில்லுங்க. கயித்த மெதுவா இழுங்க, ஒரு அடி வெச்சதும் உடனே விட்டுடுங்க."

"முட்டி வரைக்கும் வந்துடுச்சு டாக்டரம்மா."

"அவசரப்படாதீங்க. மூச்ச நல்லா விடுங்க."

பதிலுக்குத் தகரத்தில் ஏதோ மோதும் சத்தம் கேட்டது. தொடர்பு அறுந்தது. மறுபடி அடித்தேன், போகவில்லை.

பாலத்தின்மேல் நின்று பார்த்தால் ஆறு எது, கடல் எது என்று பிரிக்க முடியவில்லை. கோணலாகக் கூடிய அந்த எலும்புதான் கண்முன் வந்தது. இன்னோர் உதையைத் தாங்காது. போனில் பேசிப் பேசி அவளை நான்தான் உள்ளே நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று தோன்றியது.

இடுப்பளவுத் தண்ணீரில் லாயத்தை அடைந்தபோது அது காலியாக இருந்தது. கதவு ஒரு கீலில் தொங்கியது. கூப்பிட்டேன்.  மேட்டுப்பக்கம் ஓடினேன்.

மெயின் ரோட்டில் பெட்ரோல் பங்க்கின் கூரைக்கடியில் அவளும் குதிரையும் நின்றிருந்தார்கள். அவள் வலது காலில் ரத்தம். குளம்பு ஏறியிருந்தது. கயிறு அவள் கையில் தளர்வாகக் கிடந்தது.

"இழுத்தேன், வுட்டேன், இழுத்தேன், வுட்டேன். வரவேயில்ல" என்றாள். குளிரில் பற்கள் தந்தியடித்தன. "அப்பால எல்லாத்தையும் வுட்டுட்டு நின்ன எடத்துல அழுதேன். அது கொஞ்ச நேரம் பாத்துச்சு. அதுவா நடந்து வந்துச்சு."

கால் காயத்தைப் பார்க்கலாம் என்று குனிந்து நெருங்கினேன். குதிரை எங்கள் நடுவில் வந்து நின்றது. என் தோளருகே தாழ்ந்து நின்ற அதே தலை, பல்லைக் காட்டியது.

"ஏய்" என்றாள் அவள், மிக மெதுவாக. அது அசையவில்லை. அவள் கயிற்றை லேசாகத் தொட்டாள். ஓர் அடி பின்வாங்கியது.

தண்ணீர் வடிந்த பின் அதை ஊர்வலத்துக்கு அனுப்பவும் கூடாது, விற்கவும் கூடாது என்று கணவரிடம் சொல்லிவிட்டாள். இப்போது தினமும் அவள்தான் கயிற்றைப் பிடிக்கிறாள். நான் லாயத்துக்கு வெளியே நின்று, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதோடு சரி.

போன வாரம் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவளுக்கு ஜுரம் வந்து படுத்துக்கினா, அன்னிக்கு இதுக்கு யாரு மேடம் தண்ணி வைப்பா?"