பாரிவாக்கத்துக்கு ஒரு ஜப்பான் படம்

ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்திய நாட்களில், ரேவதி என்ற மாணவியைத் திருடி என்றேன். வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னேன். அம்பத்தூர் பேருந்து நிறுத்தத்தை அவள் வரைந்திருந்தாள். நிழலே இல்லாத தட்டையான வண்ணங்கள். பெரும்பகுதி வெற்று வானம். படத்தின் ஓரத்தில் பாதி உடல் மட்டும் தெரிய நிற்கும் ஒரு பெண்.

"பாரீஸ் ஓவியர்களைக் காப்பியடித்திருக்கிறாய்" என்றேன். அப்பாவின் தொழிற்சாலைக்கு வந்த ஜப்பான் காலண்டரைப் பார்த்துப் பழகியதாக அவள் சொன்னாள். சிரித்தேன். பாரீஸ்காரர்களே ஜப்பானிய மரஅச்சுப் படங்களைப் பார்த்துத்தான் அந்த முறையைக் கற்றார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை நானே பாடமாக நடத்தியவன். அவர்கள் கற்றால் மேதைமை, அவள் கற்றால் திருட்டு.

பல வருடங்கள் கழித்து, போன ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவளைப் பார்க்கக் கிளம்பினேன். அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு மின்ரயில், ஐந்து ரூபாய். அங்கிருந்து பூந்தமல்லி சாலையில் ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். மடியில் சட்டமிட்ட ஒரு ஜப்பானியப் படத்தின் நகல்.

பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போது ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, சாமி படமா?"

"இல்லப்பா. ஜப்பான் படம். படகுல ஒரு அம்மா."

"பாதி அம்மாதான் கீது! மீதிய எங்க உட்டுட்டு வந்த?"

பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பாரிவாக்கத்தில் புதுக் குடியிருப்பொன்றின் மூன்றாவது மாடி. ரேவதி இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் செயலித் திரைகளை வடிவமைக்கிறாள். காபி கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படத்தை நீட்டினேன்.

"படம் நல்லாருக்கு சார். வேண்டாம். நீங்க திட்டினதைக்கூட மறந்துட்டேன். ஆனா அன்னிக்கு சாயங்காலமே கிளாஸ்ல எல்லாரும் 'ஜெராக்ஸ்'னு பேரு வச்சாங்க. என் கல்யாண மேடையில ஏறியும் அப்படித்தான் கூப்பிட்டாங்க. என் பொண்ணு, 'ஏம்மா உன்னை அப்படிச் சொல்றாங்க'ன்னு கேக்குறா. நான் காப்பியடிக்கலன்னு நீங்க அவங்ககிட்ட சொல்லுங்க."

பழைய வகுப்புத் தோழர்களின் வாட்ஸப் குழுவைத் திறந்து அலைபேசியை என்னிடம் தந்தாள். நான் செய்த தவற்றை முழுக்கக் குரல் செய்தியாகப் பேசி அனுப்பினேன்.

பதிலாகக் கும்பிடும் கை எமோஜிகள் சில வந்தன. ஒருவன், "அப்போ என் அரியரையும் திருத்துங்க சார்" என்றான். அடுத்து அவளுடைய நெருங்கிய தோழி எழுதினாள்: "சாரிடி ஜெராக்ஸ்."

ரேவதி கோபப்படவில்லை. "ரேவதி" என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். படி வரை வந்து வழியனுப்பினாள். அவள் கையில் அலைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. அவள் பார்க்கவில்லை. வந்தது 'ரேவதி'யா, 'ஜெராக்ஸா' என்று தெரியாமலே படியிறங்கினேன்.