எடை மெஷின்மேல் போட்ட பழி

இருபது வருஷம் கழித்து, தொப்பையைக் குறைக்க மறுபடி சைக்கிள் ஏறியிருக்கிறேன். ஒரு மாதமாக மச்சானும் நானும் முதுநகரிலிருந்து சில்வர் பீச் வரை சேர்ந்தேதான் மிதிக்கிறோம்.

இன்று என் அரிசிக் கடையில் மூட்டை நிறுக்கும் மெஷினில் இருவரும் ஏறிப் பார்த்தோம். எனக்கு அரைக் கிலோ குறைந்திருந்தது. அவனுக்கு நாலு கிலோ!

வயிறு எரிந்தது. "மெஷின்ல ஏதோ கோளாறு மச்சான்" என்று சொல்லிவிட்டேன்.

குடிகாட்டிலிருந்து வந்து அரிசி வாங்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "அப்ப என் மூட்டை?"

கடையில் நின்ற எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"மெஷின் கரெக்ட்டுக்கா. இவன் நெஜமாவே நாலு கிலோ எளச்சிட்டான்."

"சத்தமா சொல்லு மாமா, ரோட்டுல போறவுங்களுக்குக் கேக்கல" என்றான் மச்சான்.

சைக்கிள் மிதித்தும் எடை ஏறியவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். இன்றைக்காவது நான் நிம்மதியாகத் தூங்க வேண்டும்.