செத்த வீட்டு வாக்குமூலம்

எங்கள் பக்கத்துச் செத்த வீடுகளில் தன்னைத் திட்டாமல் அழுகிற பெண்ணை நான் கண்டதில்லை. "நான்தானே அனுப்பினனான், நான்தானே மறிக்காமல் விட்டனான்" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் "சும்மா இரு பிள்ளை, உன்னில என்ன பிழை" என்று முதுகைத் தடவுவார்கள். அது துக்கத்தில் வருகிற பேச்சு, சாட்சியம் இல்லை என்பது திருகோணமலையில் பிறந்த எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அதைத் தாளில் எழுதி எடுத்தேன்.

என் பெயர் சஞ்சீவன். ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு விபத்து விசாரிக்கிறவன். வாகனம் மோதினால் இடத்தைப் போய்ப் பார்ப்பது, படம் எடுப்பது, ஆட்களோடு கதைப்பது, அறிக்கை எழுதுவது, இதுதான் வேலை. கம்பனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்படிச் செய் என்று அங்கே ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.

கமலேஸ்வரியக்கா உப்புவெளியில் இடியப்பம் அவித்து விற்கிறவர். விடியமுன் எழும்பி மா குழைத்து, பிழிந்து, அவித்து, வெளிச்சம் வரும்போது பெட்டி நிறைந்திருக்கும். அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு புருஷன் தம்பிராசா அண்ணை தேத்தண்ணிக் கடைகளுக்கும் கடற்கரை விடுதிகளுக்கும் கொண்டுபோவார். இருபத்தாறு வருடம் இதே ஓட்டம். அக்கா பொய் சொல்லத் தெரியாத மனுசி. ஒருநாள் மா கொஞ்சம் பழசாகிவிட்டால், "இண்டைக்கு அவ்வளவு நல்லாயில்லை எண்டு சொல்லிக் குடுங்கோ" என்று சொல்லித்தான் பெட்டியைக் கொடுப்பாராம். அப்படி யார் வியாபாரம் செய்வார்கள்? ஆனாலும் ஒரு கடையும் அவரை விட்டுப் போகவில்லை.

அண்ணைக்கு வாய் அதிகம். ஒழுங்கையில் எதிர்ப்பட்டவனையெல்லாம் நிறுத்திக் கதைப்பார். அக்கா வாசலில் நின்று கத்துவார்: "கெதியாப் போங்கோ, இடியப்பம் ஆறுது!" அவர் திரும்பி, "அது ஆறினாலும் உன்ர வாய் ஆறாது" என்பார். அந்த ஒழுங்கைக்கு விடிவதே இந்தச் சத்தத்தில்தான் என்று அயலவர்கள் சொல்லிச் சிரிப்பார்களாம்.

இரண்டு வருடத்துக்கு முன், ஆவணி பதினான்காம் தேதி, அந்த ஒழுங்கை நிலாவெளி வீதியில் ஏறுகிற இடத்தில் ஒரு கார் அவரை அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. கார் எங்கள் கம்பனியில் காப்புறுதி செய்தது. ஓட்டியவர், "மனுசன் நிற்காமல் ஒழுங்கையிலிருந்து பாய்ந்து வந்தார்" என்றார். கார் வந்த வேகத்துக்கு எவன் நின்றாலும் ஒன்றுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அண்ணையிலும் பிழை இருக்கிறது என்று காட்டினால், கம்பனி கொடுக்கவேண்டிய நட்டஈடு பாதியாகக் குறையும்.

நான்காம் நாள் பொலிஸ் நிலைய வளவுக்குப் போய்ச் சைக்கிளைப் பார்த்தேன். முன்சில்லு வளைந்து கிடந்தது. பின்சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேக்கை அழுத்திக்கொண்டு சில்லைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. பிரேக் கட்டைகள் புத்தம் புதியவை. கறுப்பு ரப்பர்கூடத் தேயவில்லை. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் ஓடியிருக்கும். குனிந்து படம் எடுத்தேன்.

ஐந்தாம் நாள் தேயிலையும் சீனியும் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். காப்புறுதிக் கம்பனியிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன்தான். ஆனால் கையில் சீனிப் பையோடு வருகிறவனை யார் விசாரிக்க வந்தவன் என்று நினைப்பார்கள்? கதிரை போட்டார்கள், தேத்தண்ணி தந்தார்கள். அக்கா நிலத்தில் இருந்து அழுதார்.

"பிரேக் பிடிக்குதில்லை, கட்டை மாத்தவேணும் எண்டு ரெண்டு கிழமையாச் சொன்னவர் தம்பி. நான்தான் பிறகு பாப்பம், பிறகு பாப்பம் எண்டனான். அண்டைக்கும் கெதியாப் போங்கோ எண்டு துரத்தினனான். நான்தான் அவரைச் சாகடிச்சனான்."

'அக்கா, கட்டை புதுசு, நான் நேற்றுப் பார்த்தனான்.' இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. ஒரு மிடறு தேத்தண்ணி விழுங்குகிற நேரம் போதும். நான் தேத்தண்ணியைத்தான் விழுங்கினேன். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து, அவர் சொன்னதை அழகான எழுத்தில் எழுதி, "ஒரு சின்னக் கையெழுத்து அக்கா" என்று நீட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வைத்துத் தந்தார். நான் எழும்ப, "சாப்பிட்டிட்டுப் போங்கோ தம்பி" என்றார். சீ, நானும் ஒரு மனுசன்!

முகாமையாளர் அறிக்கையை வாசித்துவிட்டு என் தோளில் தட்டினார். "கெட்டிக்காரன்" என்றார். படம் என் போனிலேயே கிடந்தது. கேட்டால் கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்பதற்கு அப்படி ஒரு படம் இருப்பது யாருக்குத் தெரியும்?

கம்பனி குறைத்துத் தருவதாகச் சொன்னதற்கு அக்கா மறுபேச்சுப் பேசவில்லையாம். "என்ர பிழையும் இருக்குத்தானே" என்றாராம். அயலவர்கள்தான் கோபப்பட்டு அவரைக் கிண்ணியாவைச் சேர்ந்த சட்டத்தரணி லைலாவிடம் இழுத்துப்போய் வழக்குப் போடவைத்தார்கள். நான் உப்புவெளிப் பக்கம் போகிற போதெல்லாம் அக்காவைக் கண்டேன். பெட்டியைத் தானே சுமந்து நடந்து போவார். சைக்கிளைத் தொடுவதில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருநாள் சொன்னார்: "அந்த மனுசி இப்ப ஒருத்தரையும் கெதியாப் போ எண்டு சொல்லாது. மகள் தர்சிகா பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினாலும், ஆறுதலாப் போ பிள்ளை எண்டுதான் சொல்லும்." குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிப் போனேன். அதற்குப் பிறகும் ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வழக்கு இந்த வருடம் விசாரணைக்கு வந்தது. எங்கள் பக்கத்துச் சட்டத்தரணி அக்காவிடம் அந்தத் தாளைக் காட்டி, பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அழுகையில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

"ஓம், சொன்னனான். அது உண்மைதான்" என்றார் அக்கா.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். தாளில் உள்ளது அவர் சொன்னதுதான் என்று நிரூபிக்கத்தான் நான். அதைச் சொல்லி முடித்தேன். பிறகு லைலா எழும்பி, பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல் கேட்டார்: "நீங்கள் சைக்கிளைப் பார்த்தீர்களா?"

"ஓம்."

"பிரேக் எப்படி இருந்தது?"

அக்கா தலையைக் குனிந்தபடி இருந்தார். அவர் சொன்ன 'உண்மை' என் காதிலேயே நின்றது. "புதுக் கட்டை. நல்லாப் பிடிச்சது. என்னட்டப் படம் இருக்கு" என்றேன். எங்கள் சட்டத்தரணி கையிலிருந்த பேனையை மேசையில் போட்டார். படத்தைப் பார்த்தார்கள், அதில் விழுந்திருந்த தேதியை உரத்து வாசித்தார்கள். கம்பனி பிறகு முழு நட்டஈட்டுக்கும் ஒத்துக்கொண்டது. என்னை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது. அது அவர்களுடைய நியாயம்.

அன்று சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கும்போது எனக்கு ஒரு நினைப்பு வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அக்கா இனி என் கையைப் பிடித்து நன்றி சொல்வார் என்று நினைத்தேன். வெளி விறாந்தையில் மர வாங்கில் தர்சிகாவோடு இருந்தவர், என்னைக் கண்டதும் எழும்பி வந்தார்.

"அப்ப அவர் கட்டை மாத்தித்தான் இருக்கிறார்."

"ஓம் அக்கா."

"நான் ஏசுவன் எண்டு சொல்லாமல் மாத்தியிருக்கிறார், கள்ளன்." சிரிக்கத் தொடங்கி அழுதார். தர்சிகா தோளைப் பிடித்தாள். அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு விரலை மடக்கி நாளை எண்ணினார். "படம் எடுத்தது பதினேழாம் தேதி எண்டு வாசிச்சவை. நீங்கள் எங்கட வீட்ட வந்தது எப்ப?"

"பதினெட்டு."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நான் உங்களுக்கு முன்னால நிலத்தில இருந்து, நான்தான் அவரைச் சாகடிச்சனான் எண்டு குழறேக்க, உங்களுக்குத் தெரியும்."

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

"ரெண்டு வருசம், ஐயா" என்றார் அக்கா. அதுவரை என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.