அலர்மேல்மங்கையின் குறைப்பட்டியல்

விவேக் நகரில் ஞானோதயா பள்ளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: எச்.எம். மேடம் வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்ற வார்த்தை வந்ததே கிடையாது. சாப்பாட்டைப் பற்றிக்கூட வந்ததில்லை என்று அவருடைய கணவர் சீனிவாசராகவன் சாட்சி சொல்வார். பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற மனிதர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அலர்மேல்மங்கை அந்தப் பள்ளியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அதில் பன்னிரண்டு வருடம் தலைமையாசிரியை. பாராட்டு விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. நன்றாகப் பாடம் நடத்தத்தானே சம்பளம் வாங்குகிறார்கள், அதைப் போய் ஏன் எழுத வேண்டும்? ஒவ்வொரு பருவ முடிவிலும் ஆசிரியர் ஒருவருக்கு ஒரு பக்கம் என்று எழுதுவார். அந்தப் பக்கத்தில் குறைகள் மட்டுமே இருக்கும். ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆள் உதவாக்கரை என்றால் 'சரிப்படாது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். யார்மேல் அவருக்கு மதிப்போ அவர்களுக்குத்தான் பக்கம் நிறையக் குறை விழும், எல்லாம் பொடிப்பொடிக் குறைகள். பெரிய குறை இல்லாத இடத்தில்தானே சின்னது கண்ணில் படும்! பள்ளியில் இது எல்லோருக்கும் தெரியும். பக்கம் நிரம்பியவர்கள் அன்றைக்கு மாலை மற்றவர்களுக்கு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது.

1998ஆம் வருடத்து முதல் பருவம் அமோகமான பருவம். தசரா விடுமுறைக்கு முன்னால் ஆசிரியர் கூட்டத்தில் படிக்க வேண்டிய அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது, அலர்மேல்மங்கைக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. வெறுங்காலோடு விளையாடிய த்ரோபால் பெண்கள், ஷூ போட்ட பெரிய பள்ளிக்காரிகளை ஓட ஓட விரட்டிவிட்டு, இறுதி ஆட்டத்தில் இரண்டே புள்ளியில் தோற்றிருந்தார்கள். நாலு வருடமாக வறண்டு கிடந்த போர்வெல்லில் தண்ணீர் வந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் பத்தாம் வகுப்புக் கணக்கு. போன வருடம் பொதுத்தேர்வில் பத்தொன்பது பேர் கணக்கில் மண்ணைக் கவ்வியிருந்தார்கள். இந்த வருடம் பருவத் தேர்வில் தேறாதவர்கள் இரண்டே பேர். அதிலும் ஒருத்திக்கு மஞ்சள்காமாலை.

அதற்குக் காரணம் கிஷோர். திருப்பத்தூரிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன் வந்து சேர்ந்த கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்பு அவன் கைக்கு வந்தது இந்த வருடம்தான். இருபத்தேழு வயது. சட்டையில் எந்நேரமும் சாக்பீஸ் தூள். கோணக் கணக்கு நடத்துகிறேன் என்று நாற்பத்தோரு பிள்ளைகளையும் தெருவோடு அழைத்துப் போய், தேவாலயக் கோபுரத்தின் உயரத்தை நிழலை வைத்து அளக்க விட்டவன் அவன்தான்.

அறிக்கையின் அடுத்த பகுதி ஆசிரியர் மாற்றங்கள். அங்கேதான் பேனா நின்றுவிட்டது. ஏனென்றால் போகப் போகிறவனும் கிஷோர்தான். மாலை நேரத்தில் கம்ப்யூட்டர் படித்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் தேர்வாகியிருந்தான். இரண்டாயிரமாவது வருடம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடாமல் சரிசெய்யும் வேலையாம். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து சொன்னபோது, அலர்மேல்மங்கை "சரி" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாள் முன்பு அந்தக் கம்பெனி கூரியரில் ஒரு படிவம் அனுப்பியிருந்தது. இவர் எப்படிப்பட்டவர், எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். அலர்மேல்மங்கை யோசிக்கவே இல்லை. மதிப்புக்குரிய ஆளாயிற்றே, பக்கம் நிறைய எழுதினார். குரல் அடுத்த வகுப்புவரை கேட்கிறது. மணி அடித்தாலும் வகுப்பை விடுவதில்லை. ஒரு நாளைக்கு நாலு சாக்பீஸ் காலி. மேலதிகாரி எதைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்டுவிட்டே ஒப்புக்கொள்கிறார். பாடப்புத்தகத்தில் தப்பு கண்டுபிடித்து எழுத்து மூலம் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் பள்ளியைத் திறக்கச் சொல்லித் தொந்தரவு செய்கிறார். இடம் போதாமல் பின்பக்கத்திலும் இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி அனுப்பிவிட்டார்.

அறிக்கை பாதியில் நிற்கும்போது தொலைபேசி அடித்தது. கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஸ்ரீவித்யா என்ற பெண். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவள், அலர்மேல்மங்கை என்ற பெயரைக் கேட்டதும் தமிழுக்குத் தாவினாள்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம். இவ்ளோ ஓப்பனா யாருமே எழுத மாட்டாங்க. இன்டர்வியூல நல்லாத்தான் பேசினாரு. இப்படிப்பட்ட ஆளுன்னு தெரியாமப் போச்சு. ஆஃபரை நிறுத்தி வெச்சிருக்கோம். நாளைக்கு சாயங்காலம் கேன்சல் லெட்டர் போயிடும்."

அலர்மேல்மங்கை வாயைத் திறப்பதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் திக்கென்றது. அதற்கப்புறம் வந்ததுதான் மோசம்: ஒரு நிம்மதி. கிஷோர் போகவில்லை என்றால் மார்ச் வரைக்கும் கணக்குக்குக் கவலை இல்லை. வருடத்தின் நடுவில் வேறு வாத்தியாருக்கு எங்கே போவது? ஊரில் கணக்குத் தெரிந்தவன் எல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறான். தான் ஒன்றும் பொய் எழுதவில்லையே, ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். சும்மா இருந்தால் போதும். இப்படியெல்லாம் தோன்றத் தோன்ற அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வீட்டில் காபி ஆற்றிக்கொண்டே கணவரிடம் சொன்னார். சீனிவாசராகவன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உன் பாஷை உன் ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ளதான் செல்லும்னு இப்பவாவது தெரிஞ்சுதே! எனக்கு இருபத்தொம்போது வருஷம் ஆச்சு அதைக் கத்துக்க."

"கேலி பண்ணாதீங்கோ. நான் என்ன பண்ணட்டும்?"

"அதான் உனக்கே தெரியறதே. அது மனசைக் குடையலைன்னா காபில சக்கரை போட மறந்திருப்பியா?"

மறுநாள் காலை பத்தாம் வகுப்பு ஜன்னலோரம் அவர் கால்கள் தாமாக நின்றன. உள்ளே கிஷோர் கரும்பலகையோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தான். வேலையை விட்டுப் போகிறவன் மாதிரியா பாடம் நடத்துகிறான்? இன்றைக்குத்தான் சேர்ந்தவன் மாதிரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். கடைசி பெஞ்சு வரைக்கும் ஒரு பிள்ளையின் கண்கூட அங்கே இங்கே போகவில்லை. அவரைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சாரி மேடம். சத்தம் ஜாஸ்தியா இருக்கா? கொறச்சுக்கறேன்."

"ஒண்ணும் கொறைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று அறைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார் அலர்மேல்மங்கை.

"இந்தாம்மா ஸ்ரீவித்யா, நேத்து நீ கேக்கல, நானும் சொல்லல. குரல் பெருசுன்னா கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் கேக்கணும்னு கத்தறான்னு அர்த்தம். மணி அடிச்சும் விடலைன்னா ஒருத்தனுக்குப் புரியாம வெளிய வர மாட்டான்னு அர்த்தம். புக்குல இருந்த தப்பை இத்தனை வருஷமா நாங்க யாரும் பாக்கல, அவன் பாத்தான். இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒரு வாத்தியாரை நான் பாத்ததில்ல. போதுமா?"

ஸ்ரீவித்யா கேட்டாள்: "அப்ப ஏன் மேடம் அவரை விடறீங்க?"

"நான் எங்கம்மா விடறேன்? அவன் போறான். அவன் பொழப்ப நான் கெடுக்கலாமா?" இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அதை மறைக்க உடனே இருமிக்கொண்டார்.

வாசலில் பிளாஸ்க்கோடு நின்றிருந்தார் அட்டெண்டர் அப்பாதுரை. அவர் காதில் விழுந்தால் ஆல் இந்தியா ரேடியோவில் விழுந்த கணக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்குள் பள்ளி முழுவதும் பரவிவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் கிஷோர் வந்தான். வேலை உறுதியாகிவிட்டது, விடுமுறை முடிந்ததும் அங்கே சேர வேண்டும். சொல்லிவிட்டும் போகாமல் நின்றான்.

"மேடம், அங்க சனிக்கிழமை ஆபீஸ் கெடையாது. நம்ம ஸ்கூல் அரைநாள் உண்டு. மார்ச் வரைக்கும் சனிக்கிழமை காலைல டென்த்துக்கு நான் வந்துடறேன். மத்த நாளு..."

"மத்த நாள் நான் எடுக்கறேன். நானும் பி.எஸ்ஸி. மேத்ஸ்தான், மறந்துட்டீங்களா எல்லாரும்?" என்றார் அலர்மேல்மங்கை. "எட்டு மணின்னா எட்டு மணிக்கு வரணும். கம்பெனி பழக்கத்துல ஒம்போதுக்கு வரக்கூடாது." கிஷோர் வாயெல்லாம் பல்லாக வெளியே போனான்.

விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியானம், பிள்ளைகளை மைதானத்தில் விளையாட விட்டுவிட்டு, ஆசிரியர் கூட்டம். அலர்மேல்மங்கை அறிக்கையைப் படித்தார். த்ரோபால், போர்வெல், பத்தாம் வகுப்புக் கணக்கு. பிறகு ஆசிரியர் மாற்றம் ஒரே வரியில்: கிஷோர் விடைபெறுகிறார், சனிக்கிழமை வருவார். கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். ஒன்றாம் வகுப்பு அல்போன்சா டீச்சர், இருபத்திரண்டு வருடமாக அங்கே இருப்பவர். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர்.

"மேடம், கிஷோர் சாரைப் பத்தி நீங்க போன்ல பேசினத அப்பாதுரை சொன்னாரு. கேக்கவே சந்தோஷமா இருந்துச்சு. எனக்கும் வருஷா வருஷம் பக்கம் நெறயக் கொறை எழுதுறீங்க. அது பாராட்டுதான்னு எனக்குத் தெரியும், பஜ்ஜியும் வாங்கிக் குடுத்திருக்கேன். ஆனா காதால ஒரு தபா கேக்கணும்னு ஆச இருக்காதா மேடம்? அதுக்கு நானும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அப்ளை பண்ணணுமா?"

அறையே சிரித்தது. அல்போன்சாவும் சிரித்தார், ஆனால் உட்காரவில்லை. அலர்மேல்மங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம்! காகிதத்தை மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அல்போன்சா டீச்சர், மல்லேஸ்வரத்துல வீட்டுப் பக்கத்துலயே பெரிய ஸ்கூல் இருந்தும் என் பொண்ணை ரெண்டு பஸ் மாத்திக் கூட்டிட்டு வந்து உங்க கிளாஸ்ல உக்கார வெச்சேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"ஏன்னு நீங்க கேக்கவே இல்ல. உங்க கையைப் பிடிச்சு எழுதக் கத்துக்கற பிள்ளை பயமில்லாமப் படிக்கும். அதுக்காகத்தான். அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. அது என் குறை."

அல்போன்சா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அலர்மேல்மங்கை பக்கத்து நாற்காலியில் இருந்த பி.டி. மாஸ்டர் சுந்தரேசன் பக்கம் திரும்பினார். அவர் அவசரமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தார். விடுமுறை மணி அடித்தது. பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். ஆசிரியர் அறையிலிருந்து மட்டும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மீதிப் பதினோரு ஆசிரியர்களும் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.