டிரைவரிடம் கொடுத்த பாஸ்போர்ட்

என் தம்பி இங்கிலாந்து போலீஸை நம்பியதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவர்களைத் திட்டும்போது, இவளுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது.

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் எனக்கு வேலை. சரக்குக் காகிதம், ஈமெயில், நாள் முழுக்க இங்கிலீஷ். எங்கள் வீட்டில் மற்றவர்களுக்கெல்லாம் கடல். காசிமேட்டில் விசைப்படகுக்குப் போய்க்கொண்டிருந்த தம்பியை, கப்பல் வேலை என்று சொல்லி ஒரு ஏஜெண்ட் இங்கிலாந்துக்கு அனுப்பினான். போய் இறங்கியதும்தான் தெரிந்தது, கப்பல் இல்லை, அங்கேயும் மீன்பிடிப் படகுதான். அதுவும் வேறு நாட்டுக்குப் போகிற வழியில் தங்கிச் செல்பவனுக்குக் கொடுக்கும் விசா. கடலில் வேலை செய்யலாம், கரையில் இறங்கி வாழக் கூடாது.

எட்டு மாதம் அந்தப் படகிலேயே வேலை, அதிலேயே சாப்பாடு, அதிலேயே தூக்கம். தூக்கம் என்றால் தொடர்ந்து மூன்று மணி நேரம் கிடைத்தால் அது திருவிழா. வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கி இடது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. இன்னும் மீன் போதவில்லை என்று சொல்லி, படகை ஓட்டியவன் இரண்டு நாள் கழித்துத்தான் கரைக்குத் திருப்பினான். படகு ஓட்டுபவரைக் காசிமேட்டில் டிரைவர் என்போம். அந்த வெள்ளைக்காரனையும் தம்பி இன்றுவரை டிரைவர் என்றுதான் சொல்கிறான். நான் சொல்லும் வார்த்தையை இங்கே எழுத முடியாது.

ஒரு காலை வேளையில் அந்தத் துறைமுகத்துக்குப் போலீஸ் வந்தது. தம்பியின் கையைப் பார்த்த யாரோ புண்ணியவான் தகவல் சொல்லியிருக்கிறார். அடிக்கவில்லை, அதட்டவில்லை, டீ கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பிறகு பாதுகாப்பான ஒரு வீட்டில் தங்க வைத்தார்கள். அந்த வழக்கைப் பார்த்த பெண் போலீஸ் அதிகாரி என்னிடம் வீடியோ காலில் பேசினார். உங்கள் தம்பி எந்தத் தப்பும் செய்யவில்லை, அடிமைபோல் நடத்தப்பட்டிருக்கிறார், அவர் சொல்வதை நாங்கள் நம்புகிறோம், கடைசிவரை கூட இருப்போம் என்றார்.

நான் ஆபீஸ் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். எங்கள் வீட்டு ஆம்பிளைகளைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் நம்புகிறேன் என்று சொன்னது எங்கள் வம்சத்திலேயே அதுதான் முதல் தடவை. இங்கே ஸ்டேஷனுக்குப் போவதென்றால் கவுன்சிலர் ஆள் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவோம். போனாலும் புகார் கொடுக்க வந்தவனைத்தான் முதலில் உட்கார வைத்து விசாரிப்பார்கள். காலடிப்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க நான் பெருமை பேசினேன். போலீஸுன்னா அது போலீஸு, நம்மூர்லயும் இருக்குதே என்று மீன் வாங்கப் போன இடத்தில்கூட அளந்தேன்.

வாக்குமூலம் எடுப்பதற்கு முந்தின நாள், நான் மதியச் சாப்பாட்டில் இருக்கும்போது தம்பி போன் செய்தான்.

"நாளிக்கு உக்கார வெச்சிக் கேப்பாங்களாம். இன்னாக்கா சொல்றது?"

"இன்னா கேட்டாலும் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா எதனா சொல்லிக்கினு கெடக்காத. ஒண்ணு சொல்லப் போயி அது வேற எங்கனா மாட்டிக்கும்."

"செரிக்கா."

இதை எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. எங்கள் பக்கத்தில் ஸ்டேஷன் படி ஏறிய எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதிகமாகப் பேசுகிறவன்தான் உள்ளே போவான்.

மறுநாள் சோபா போட்ட ஒரு அறையில், கேமரா வைத்துக் கேட்டிருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். தம்பி பேசுவது புரியாத இடத்தில் நிறுத்தி, திரும்பக் கேட்டு, சரியாகச் சொன்னாராம். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பாஸ்போர்ட் பற்றிக் கேட்டார்கள். டிரைவர் உன்னிடமிருந்து பிடுங்கினானா? இல்லை, நானாகத்தான் கொடுத்தேன். திருப்பிக் கேட்டாயா? இல்லை. ஒரு தடவைகூடவா? இல்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அவன் சொன்னது அத்தனையும் நிஜம். காசிமேட்டில் படகு கிளம்பும் முன் போட்டில் போகிற எல்லோரும் ஆதார், மீனவர் அட்டை எல்லாவற்றையும் டிரைவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஈரம் படாமல் கேபினில் வைத்துக்கொள்வார். நடுக்கடலில் ரோந்துக்காரர்கள் நிறுத்தினால் மொத்தமாக எடுத்துக் காட்டுவார். கரைக்கு வந்து கணக்கு முடிகிறவரை அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நடுவில் கேட்டால், இவன் வேறு போட்டுக்குத் தாவப் பார்க்கிறான் என்று அர்த்தம். டிரைவர் முகத்துக்கு நேராக உன்னை நம்பவில்லை என்று சொல்வதற்குச் சமம். அந்தப் பழக்கத்தில்தான் இவன் இங்கிலீஷ் படகில் ஏறின முதல் நாளே, யாரும் கேட்காமல், தானாகப் போய் பாஸ்போர்ட்டை நீட்டியிருக்கிறான். அந்த டிரைவர் அதை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டான். எட்டு மாதம் இவன் கேட்கவில்லை. கேட்டால் கவரைத் திறந்து கொடுக்கிற டிரைவர் அவன் இல்லை என்று புரிந்தபோது, தம்பிக்குக் கேட்கவே பயமாகிவிட்டது.

முதலில் அந்தப் பெண் அதிகாரி எனக்கு வாரத்துக்கு ஒரு ஈமெயில் போடுவார். பிறகு மாதத்துக்கு ஒன்று. பிறகு அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். அவரும் போய்விட, தானாக வரும் பதில் மட்டும் மிச்சமாயிற்று: உங்கள் கடிதம் கிடைத்தது, விரைவில் தொடர்பு கொள்வோம். அந்த விரைவு ஒரு வருடம் ஓடியது. நான் அந்த ஊர் செய்திகளைப் படிக்க ஆரம்பித்தேன். கோர்ட்டுகளில் வழக்குகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன, விசாரணை வருவதற்குள் சாட்சிகள் வெறுத்துப்போய் விலகுகிறார்கள், போலீஸில் அனுபவசாலிகள் வேலையை விட்டுப் போகிறார்கள், அங்கே இருக்கிற ஜனங்களுக்கே போலீஸ்மேல் நம்பிக்கை போய்விட்டது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்களே நம்பாததை நான் காலடிப்பேட்டையில் உட்கார்ந்து விளம்பரம் செய்திருக்கிறேன்.

வேலை செய்ய அனுமதியில்லாமல் ஒரு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடியாமல் தம்பி திரும்பி வந்துவிட்டான். விரல் மடங்காததால் வலை இழுக்க முடியாது. காசிமேட்டிலிருந்து மீன் லோடு ஏற்றிப்போகும் குட்டி யானை வண்டி ஓட்டுகிறான். கேஸ் என்ன ஆயிற்று என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் நான் போனை எடுத்தால் என் முகத்தைப் பார்ப்பான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த டிரைவர் ஒரு கோர்ட்டில் நிற்க வேண்டும், தனக்கு நடந்தது தப்பு என்று யாராவது ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும்.

மூன்றாவது வருடம் கடிதம் வந்தது. பாஸ்போர்ட் தானாக முன்வந்து ஒப்படைக்கப்பட்டது, திரும்பக் கேட்கப்படவில்லை. ஆகவே குற்றம் நிரூபணமாகும் வாய்ப்பு போதுமானதாக இல்லை, வழக்கு தொடரப்படாது. உங்கள் சகோதரரின் தைரியத்துக்கு நன்றி. தைரியத்தை வைத்துக்கொண்டு என்ன, ஊறுகாயா போட முடியும்?

மறுபரிசீலனை கேட்கலாம் என்று கீழே எழுதியிருந்தது. உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். எங்கள் போட்டில் அட்டையை யார் வைத்திருப்பார்கள், ஏன் கேட்க மாட்டார்கள் என்று ஒன்று விடாமல் எழுதினேன். இந்த விளக்கம் முதல் வாக்குமூலத்தில் இடம்பெறவில்லை, முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. நீங்கள் கேட்டீர்களா? ஏன் கொடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கடலையே பார்க்காதவர்கள் மாதிரி அடுத்த கேள்விக்குப் போனது யார்? இதை நான் வீட்டில் எத்தனை நாள் கத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. அம்மாவே அலுத்துப்போய் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

போன மாதம் மறுபடியும் அங்கிருந்து ஈமெயில், பெயர் தெரியாத ஒரு புது அதிகாரியிடமிருந்து. அதே டிரைவர்மேல் அவன் படகில் வேலை செய்யும் வேறு சிலர் புகார் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் சகோதரரின் வாக்குமூலம் இப்போது உதவியாக இருக்கும், இன்னொரு முறை பேசுவாரா என்று கேட்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முடியாது என்று, நாலு பேர் படித்தால் நறுக்கென்று உறைக்கிற மாதிரி ஒரு பதிலை அடித்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்த தம்பியிடம் போய்ப் படித்துக் காட்டினேன்.

அவன் முழுசாகக் கேட்டான்.

"அப்ப அந்தாளு இன்னும் போட்டு ஓட்டிகினுதான் கீறானா?"

"ஆமாடா."

"அந்தப் பசங்க எந்தூரு?"

"அதெல்லாம் எழுதல."

"நீ இத அனுப்பாத. பேசறேன்னு போடு."

"இவுங்கள மறுக்கா நம்பறியா நீ?"

"போலீஸுக்காவ யாரு பேசறா? அந்தப் பசங்க போட்டுலதான கீறாங்க."

சரி என்றேன். இந்தத் தடவை கோட்டை விடக் கூடாது, என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம், நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றேன்.

அவன் குழாயை மூடினான்.

"வாணாங்க்கா. அன்னிக்கு நான் எல்லாத்தயும் சொல்லணும்னுதான் போனேன். ஏன் குட்த்தேன், ஏன் கேக்கல, அல்லாம். கேட்டதுக்கு மட்டும் சொல்லுன்னு நீ சொன்னியேன்னு வாய மூடிக்கினேன். இந்த வாட்டி நீ ஆபீஸ் போனதுக்கப்பால பேசிக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு துணியைப் பிழிந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். அவன் வாயை மூட வைத்தது நான்தான் என்பது அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நான் இங்கிலாந்து போலீஸைக் கத்தித் திட்டிய ஒவ்வொரு நாளும், அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டிருக்கிறான்.