காளீஸ்வரன் எந்தப் பக்கம்

டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, "அது எப்பிடிங்கிறேன்?" என்று ஆரம்பிப்பார் காளீஸ்வரன். அதுவரை யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். சதக்கின் டீக்கடை டிவியில் எவரோ நெல் விலை என்று ஒரு வார்த்தை உச்சரித்திருப்பார், அவ்வளவுதான். அவருக்கு அது போதும். காலை டீக்கு வந்தவர்கள் பஸ் போனாலும் போகட்டும் என்று நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் விடுவார்கள். போன தை மாதம் வரைக்கும் இப்படித்தான் நடந்தது.

ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்ப் பாசனத்தில் அவருக்குச் சொந்த வயல் உண்டு. அறுபதை நெருங்குகிற வயது. டீயைச் சூடாகக் குடிக்க மாட்டார். ஆறி ஆடை படிகிறவரை பேசுவார், பிறகு ஆடையை விரலால் எடுத்துப் பெஞ்சுக் காலில் தடவிவிட்டு ஒரே மடக்கில் குடிப்பார். அந்தப் பெஞ்சுக் காலைக் கழுவிக் கழுவி அலுத்துப்போன சதக், "அண்ணே, ஒங்களுக்கு ஆடையில்லாம பச்சத் தண்ணியே தர்றேன், பேசிட்டுப் போங்க" என்பார். அதற்கும் காளீஸ்வரனிடம் பதில் இருக்கும்.

எதிர்ப்பெஞ்சு தங்கப்பாண்டிக்கு. நெல் வியாபாரி. காளீஸ்வரனுக்கு மச்சான் முறை. அறுவடைக் காலத்தில் லாரியோடு வரப்பு ஓரத்துக்கே வந்து, வயலில் வைத்தே பணத்தைக் கொடுத்து அள்ளிக்கொண்டு போகிறவர். அவர் கட்சி எளிமையானது. "விக்கிறவன் நெல்லு, வாங்குறவன் காசு. ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கிருவோம். நடுவுல சர்க்காருக்கு என்ன சோலி?"

உடனே காளீஸ்வரன் கண்மாயை இழுத்துக்கொண்டு வருவார். "அது எப்பிடிங்கிறேன்? கம்மாத் தண்ணிய மேமடைக்காரனும் கீமடைக்காரனும் பேசிக்கிருங்கன்னு விட்டா என்ன ஆகும்? கடைசி வயலுக்குச் சொட்டுத் தண்ணி வருமா? அதுக்குத்தானப்பா ஊரு சேந்து மடைக்காரன்னு ஒருத்தன வச்சிருக்கோம். பஞ்ச காலத்துலதேன் மடைக்காரன் வேணும். சர்க்காருதேன் மடைக்காரன்." பெஞ்சில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். எந்தப் புத்தகமும் படித்து வந்த பேச்சில்லை. ஆனாலும் அதற்கு மறுபேச்சு கண்டுபிடிப்பது கஷ்டம்.

மறுபேச்சைக் கண்டுபிடிப்பவரும் அவரேதான். அவருடைய கிறுக்கு அது. எதிராளி ஒத்துக்கொண்டுவிட்டால் மனிதருக்குத் தாங்காது. தங்கப்பாண்டி ஒருநாள் வேண்டுமென்றே, "சரி மச்சான், சர்க்காரே வாங்கட்டும், ஒங்க கட்சிதேன் செரி" என்றார். காளீஸ்வரன் திகைத்துப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். அப்புறம் வேட்டியை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, "அது எப்பிடிங்கிறேன்? மடைக்காரன் மடைப் பலகைய எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு பொண்ணு பாக்கப் போயிட்டா? பயிரு அவன் வார வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?" என்று கட்சி மாறிவிட்டார். அன்று முழுக்க அரசாங்கத்தை அவர் கிழித்த கிழியில் தங்கப்பாண்டியே அரசாங்கத்துக்காக வாதாட வேண்டியிருந்தது.

ஊருக்கு இதெல்லாம் தெரியும். பேச்சு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவருடைய நெல் வருஷா வருஷம் தங்கப்பாண்டியின் லாரியில்தான் ஏறும் என்பதும் தெரியும். அவர் மனைவி முருகலட்சுமி தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பகிரங்கமாகவே சொல்வாள், "இவுக வாயி ஒரு பக்கம், மூட்ட ஒரு பக்கம்." ஆகவே அவர் பேச்சை ரசிப்பார்களே தவிர, அதைக் கேட்டு ஒருவரும் ஒரு படி நெல்லைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை.

பூமயிலுக்கு மட்டும் இது தெரியாமல் போயிற்று. அவள் முனீஸ்வரனின் மனைவி. திருப்புல்லாணிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். உழுவதும் விற்பதும் புருஷன் பார்த்துக்கொண்டான். அவன் நெஞ்சுவலியில் போன பிறகு, காரைக்குடியில் இருக்கும் நிலத்துக்காரரிடம் கேட்டு அதே குத்தகை வயலைத் தானே செய்தாள். எழுத்துக் கிடையாது, வாய்ப்பேச்சுதான். மாசி பிறக்குமுன் குத்தகையைக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வயல் கைமாறும். பள்ளிக்கூடம் போகிற மகள் மகேஸ்வரியும் அவளும் அந்த ஒரு வயலை நம்பி இருந்தார்கள்.

போன தையில் விளைச்சல் குறைவில்லை. விலைதான் விழுந்து கிடந்தது. மில்காரர்கள் வாங்குவதைக் குறைத்துவிட்டார்கள், உலகமே மந்தம் என்று டிவி அலறியது, உரமும் டீசலும் மட்டும் மந்தமாகாமல் ஏறின. வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டால் பூமயில் குத்தகையைக் கட்டலாம், வீட்டில் அடுப்பெரியாது. அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் குத்தகையும் தீரும், வருஷமும் ஓடும். ஆனால் நிலையம் இன்று திறக்கும் நாளை திறக்கும் என்று இழுத்துக்கொண்டே இருந்தது.

அன்று அவள் பால் வாங்கக் கடைக்கு வந்தாள். காளீஸ்வரன் மடைக்காரனைப் பற்றி உச்சத்தில் இருந்தார், அரசாங்கத்தின் பக்கம். பெஞ்சு நிறைந்திருந்தது. அவள் தூக்குச்சட்டியோடு ஓரமாக நின்று முழுதும் கேட்டாள். யாருமே அவரிடம் இதுவரை கேட்காத ஒன்றை அவள் கேட்டாள். "அண்ணே, அப்ப நான் நெல்ல வாபாரிக்குக் குடுக்காம வச்சிருக்கட்டுமா?"

பெஞ்சே காளீஸ்வரன் பக்கம் திரும்பியது. தங்கப்பாண்டி எதிரே உட்கார்ந்திருக்கிறார். குடுத்துரு தாயி என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேர் முன்னால் தோற்றதாகிவிடும். காளீஸ்வரன் டம்ளரைக் கீழே வைத்தார். "பொறு தாயி. கொள்முதல் சென்டரு தொறந்துரும். ஞாயமான வெல உனக்கு வந்தே தீரும்."

"மச்சான், அது பொம்பளப்பிள்ள. வெளையாடாதிங்க" என்றார் தங்கப்பாண்டி.

"யாரு வெளையாடுறா?" என்று காளீஸ்வரன் கேட்டார். பெஞ்சு சிரித்தது. பூமயிலும் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் காளீஸ்வரனின் வயலில் அறுவடை மிஷின் இறங்கியது. சாயங்காலம் தங்கப்பாண்டியின் லாரி வந்தது. பேரம்கூட நீளவில்லை. இருவரும் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்கள், காலையில் பேசியதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். தான் விற்றுவிட்டதைப் பூமயிலிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று காளீஸ்வரனுக்கு ஒருமுறை தோன்றியது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். காலையில் டிவியில் வேறு ஏதோ பேச்சு வந்தது.

கொள்முதல் நிலையம் ஒருவழியாகத் திறந்தது. பூமயில் டிராக்டர் பிடித்து நெல்லைக் கொண்டுபோய் அதன் முன்னாலிருந்த பொட்டலில் கொட்டினாள். முதலில் டோக்கன் இல்லை என்றார்கள், பிறகு ஈரம் அதிகம் என்றார்கள், ஈரம் காய்ந்தபோது சாக்கு வரவில்லை என்றார்கள். அங்கிருந்த எழுத்தரும் பாவம், வெயிலில் நின்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிருந்தார். அவள் சாம்பலைக் கரைத்துக் குவியலின் மேல் சுற்றிலும் கோடு இழுத்துக் குறி போட்டாள். யாராவது ஒரு கை அள்ளினாலும் கோடு அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். பகலெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

காலம் தப்பிய மழை ஒரு விடியற்காலையில் பிடித்துக்கொண்டது. காளீஸ்வரனுக்குப் பூமயிலின் நெல் ஞாபகம் வந்தது. வீட்டிலிருந்த தார்ப்பாயைச் சுருட்டி மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு பொட்டலுக்கு விரைந்தார். பூமயில் கிழிந்த பாயொன்றைக் குவியலின் மேல் போர்த்தி, அது காற்றுக்குப் பறந்துவிடாதபடி அதன் மேலேயே குப்புறக் கிடந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து அவள் கேட்ட முதல் கேள்வி, "ஒங்க நெல்லுக் குமி எங்கனண்ணே கெடக்கு? அத மூடாம இங்கன வந்து நிக்கிறிங்க?"

"நம்மளுது இங்கன இல்ல தாயி."

"வேற சென்டர்ல போட்டிங்களா?"

"வித்துட்டேன்."

"எப்ப?"

"அன்னைக்கே."

அவள் மோட்டார் சைக்கிளிலிருந்து தார்ப்பாயை இறக்கினாள். முகத்தில் மழை வழிந்துகொண்டிருந்தது. பிறகு, "இந்த முனையப் பிடிங்கண்ணே" என்று விரித்தாள். இருவரும் சேர்ந்து மூடினார்கள்.  அவள் மேற்கொண்டு ஏதாவது கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார், அல்லது அழுதாவது இருப்பார்.

மூன்றாம் நாள் மழை விட்டுத் தார்ப்பாயை எடுத்தபோது மேலே சாம்பல் குறி போட்டது போட்டபடி இருந்தது. ஒரு கை நெல் களவு போகவில்லை. கையை உள்ளே விட்டபோது சூடாக இருந்தது. தரையோடு ஏறிய தண்ணீரில் அடிநெல் முழுக்க வெள்ளை வெள்ளையாக முளைத்திருந்தது. பூமயில் முளைத்த நெல்லைக் கைநிறைய அள்ளி, எழுத்தரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அவர் தலையைக் குனிந்துகொண்டதும் திரும்பி வந்துவிட்டாள்.

அந்த நெல்லைக் கோழித்தீவனத்துக்கென்று தங்கப்பாண்டிதான் எடுத்துக்கொண்டார். இப்படி நனைந்த நெல்லுக்கு மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடக் கூட்டியே கொடுத்தார். குத்தகைக்கு அது போதவில்லை. காளீஸ்வரன் வீட்டுக் குதிரிலிருந்து நெல்லைக் கட்டி முருகலட்சுமியிடம் கொடுத்தனுப்பினார். அது அப்படியே திரும்பி வந்தது. "அண்ணன்ட்ட சொல்லுங்க மதினி, எனக்கு நெல்லு வேணாம், வயலுதேன் வேணும்" என்று சொன்னாளாம்.

காளீஸ்வரன் காரைக்குடிக்கே போனார். வாழ்நாளெல்லாம் பேசிய வாய், நியாயத்துக்காக ஒருதரம் பேசட்டும் என்று போனார். நிலத்துக்காரர் மரியாதையாக நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டார். "எடம் என்னுது. கேக்குறவங்கள்ல யாரு கூடத் தர்றாங்களோ அவங்களுக்குக் குடுக்குறேன். நடுவுல நீங்க எதுக்கு?" என்றார். இதே பேச்சுக்குச் சதக் கடையில் ஆயிரம் தடவை பதில் சொன்ன ஆள்தான் காளீஸ்வரன். அங்கே அந்தக் கூடத்தில் மடைக்காரன் அவர் வாய்க்கு வரவில்லை. மோர் டம்ளரை வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

பங்குனியில் வயல் வேறொருவர் கைக்குப் போயிற்று. இப்போதும் காளீஸ்வரன் கடைக்கு வருகிறார். டீயைச் சூடாகவே குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார். தங்கப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. "மச்சான், வாயத் தொறங்க. சர்க்காரத் திட்டுங்க, இல்ல என்னயவாச்சும் திட்டுங்க" என்று கெஞ்சிப் பார்க்கிறார். "என்னத்தப் பேச மாப்ள" என்பார் காளீஸ்வரன். சதக் டிவியில் செய்தி வந்தால் பாட்டுக்கு மாற்றிவிடுகிறார். ஒரு பெஞ்சு காலியாகவே கிடக்கிறது.

இந்த ஐப்பசியில் காளீஸ்வரனின் வயலுக்குக் களை எடுக்க வந்த பெண்களில் பூமயிலும் ஒருத்தி. முருகலட்சுமி கூப்பிட்டு வந்திருக்கிறாள். புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கடைசி வரிசையில் குனிந்திருந்தாள். காளீஸ்வரன் வரப்பில் நின்று பார்த்தார். வரப்போடு நடந்து அவளுக்கு நேராக வந்து நின்றார். மற்றவர்கள் காதில் விழாத குரலில் கேட்டார்.

"எம்மேல கோவமா தாயி?"

அவள் நிமிராமல் சொன்னாள். "கோவப்பட்டு என்னண்ணே செய்ய. நீங்க சொன்னது ஞாயந்தான. சர்க்காரு வாங்கியிருக்கணும்ல."

ஆள் ஒத்துக்கொண்டால் அடுத்த பக்கத்துக்குத் தாவுகிற மனிதருக்கு அன்று தாவ இடமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே சேற்றில் இறங்கினார். ஆண்கள் களையெடுக்க இறங்குவது அந்த ஊரில் வழக்கமில்லை. முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்து, "மாமாவுக்கு என்ன ஆச்சு இன்னைக்கி" என்று சிரித்தார்கள். அவர் பூமயிலுக்குப் பக்கத்தில் குனிந்து, அவள் வரிசையை ஒட்டிப் பிடுங்க ஆரம்பித்தார். கண் நிறைந்து தளும்பியது. துடைக்கக் கை காலியாக இல்லை. எது களை எது பயிர் என்று பார்க்காமல் கைக்கு வந்ததைப் பிடுங்கிச் சேர்த்துக்கொண்டே போனார்.

பூமயில் ஒரு தடவை பக்கவாட்டில் பார்த்தாள். கையை நீட்டி அவர் பிடியிலிருந்ததை வாங்கினாள். அதிலிருந்து நெற்பயிரை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, பிடுங்கிய குழியிலேயே வைத்து, வேரைச் சுற்றிச் சேற்றை விரலால் அமுக்கிவிட்டாள்.